பிரம்மவித்யா (ருத்ரா இசைத்தொகுப்புகள்)

பிரம்மவித்யா, சிங்கப்பூரின் ருத்ரா இசைக்குழு வெளியிட்ட மூன்று டெத் மெட்டல் இசைத்தொகுப்புகளின் பொதுப்பெயர். 'பிரைமார்டியல் ஐ' (2005), 'டிரான்சென்டென்டல் ஐ' (2009), 'இம்மார்ட்டல் ஐ' (2011) ஆகியவை அவை. ருத்ரா 1992 இல் சிங்கப்பூர்த் தமிழ் இளைஞர்களால் தொடங்கப்பட்டது. பாஸ் கிதார் வாசித்துக்கொண்டே பாடும் கதிர், டிரம்ஸ் கலைஞர் சிவா இருவரும் தொடக்கம் முதல் குழுவில் இருப்பவர்கள். தங்கள் இசையை இவர்கள் 'வேதிக் மெட்டல்' என்று அழைத்தனர். சிங்கப்பூர் இசையியல் ஆய்வாளர் யூஜின் தைரியநாதன் இவ்விசையையும் அங்குள்ள தென்னிந்தியச் சமூகத்தையும் இணைத்து ஆய்வுக்கட்டுரை எழுதியிருக்கிறார்.

தமிழர் உருவாக்கிய டெத் மெட்டல் ஆக்கங்களில் பிரம்மவித்யாவுக்கு முதன்மையான இடம் உண்டு. ஆனால் இவற்றில் பாடப்படுவது ஆங்கிலமும் சமஸ்கிருதமும். தமிழர் குழு ஒன்று மரணத்தைப் பாட வரும்போது தமிழ் ஏன் வெளியே நிற்கிறது என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு இந்தத் தொகுப்புகளை மதிப்பிட முடியாது.

பின்னணி

டெத் மெட்டல் 1980களின் நடுவில் அமெரிக்காவில் உருவானது. கலிஃபோர்னியாவின் பொசெஸ்ட் குழு 1985 இல் வெளியிட்ட 'செவன் சர்ச்சஸ்', ஃபுளோரிடாவின் டெத் குழு 1987 இல் வெளியிட்ட 'ஸ்க்ரீம் பிளடி கோர்' ஆகியவை இவ்வகையின் தொடக்க நூல்கள் போன்றவை. சுருதி இறக்கிய கிதார்கள், இரட்டை பேஸ் டிரம், சொல் எளிதில் பிடிபடாத உறுமல் குரல், பிணமும் அழுகலும் நோயும் பேசும் பாடல்கள் ஆகியவை இதன் அடையாளங்கள். டிரம்ஸின் வேகத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 180 அடி என்ற காலப்பிரமாணத்தில், ஓர் அடிக்கு நான்கு மிதி என்று சதுஸ்ர நடையில் கால்கள் இயங்கினால் நொடிக்கு 12 மிதிகள்.

சுருதியை இறக்கும் வழக்கத்துக்கு ஒரு முன்கதை உண்டு. பிளாக் சபாத் குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமி, 1960களில் பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் ஆலையில் வேலை செய்தபோது வலக்கையின் இரு விரல்நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதால் தந்திகளை அழுத்த வேண்டியவை அந்த விரல்களே. விரல்களுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டார். பின்னர் தந்திகளின் இறுக்கத்தையும் குறைத்தார். அந்தக் கனத்த ஒலியே ஹெவி மெட்டலின் அடித்தளமானது. துறைமுகத்துக்கும் உப்பளத்துக்கும் உரத்தொழிற்சாலைக்கும் நடுவே வளர்ந்த முத்தையாபுரத்துக் கேட்பவருக்கு இது அந்நியக் கதை அல்ல. எந்திரம் கடித்த விரல், ஓர் இசையின் சுருதியையே கீழே இறக்கிவிட்டது.

ருத்ராவின் முதல் தொகுப்பு குழுவின் பெயரிலேயே 1998 இல் வந்தது. தொடர்ந்து 'தி ஆர்யன் குருசேட்' (2001), 'குருக்ஷேத்ரா' (2003). இரண்டாவதன் தலைப்பு தமிழ்க் காதில் உறுத்தும். சமஸ்கிருதத்தில் 'ஆரிய' என்பதற்கு உயர்ந்த, பண்பட்ட என்ற பொருள் உண்டு. வேதாந்த நூல்களைப் படித்தவர்கள் அந்தப் பொருளில் அதைக் கையாள்வது இயல்பு. ஆனால் ஐரோப்பாவில் நாஜிகளும், தமிழகத்தில் நூறாண்டுக் கால அரசியல் விவாதமும் அந்தச் சொல்லின் மேல் ஏற்றியிருக்கும் சுமையை ஓர் இசைத்தொகுப்பின் அட்டை இறக்கி வைத்துவிட முடியாது. அந்தத் தலைப்பு குழுவின் பெரிய தவறு.

மூன்று 'நான்'கள்

பிரம்மவித்யா தொகுப்புகளின் தலைப்புகளில் வரும் 'ஐ' என்பதை ரோமன் எண் ஒன்று என்று படித்துவிட இடமுண்டு. அது 'நான்' என்னும் ஆங்கிலச் சொல். ஆதி நான், கடந்து நிற்கும் நான், இறவாத நான். வேதாந்த மரபு உபநிடதங்கள், பகவத்கீதை, பிரம்மசூத்திரம் என்ற மூன்றையும் பிரஸ்தானத்திரயம் என்று தொகுத்துச் சொல்லும். மூன்று இசைத்தொகுப்புகளும் ஏறக்குறைய அந்த வரிசையில் நடக்கின்றன. முதலாவது உபநிடதங்களின் பக்கம் நிற்கிறது. இரண்டாவது கீதையையும் அத்வைத ஆசிரியர்களையும் நோக்கி வருகிறது. மூன்றாவதன் தொடக்கப் பாடலான 'நவ், தேர்ஃபோர்' பிரம்மசூத்திரத்தின் முதல் சூத்திரம் எப்படித் தொடங்குகிறதோ அந்தச் சொற்களின் ஆங்கில வடிவம்.

மெட்டல் இசைக்கு இந்தியத் தத்துவச் சொற்கள் முற்றிலும் புதியவை அல்ல. ஃபுளோரிடாவின் சினிக் குழு 1993 இல் வெளியிட்ட 'ஃபோகஸ்' தொகுப்பில் 'வெய்ல் ஆஃப் மாயா' என்ற பாடல் இருக்கிறது. ஆனால் அங்கே மாயை ஓர் அழகிய உருவகமாக வந்துபோகிறது. ருத்ரா ஒரு பாடத்திட்டத்தையே எடுத்துக்கொண்டு மூன்று தொகுப்புகளாக விரித்தது. இத்தனை நீண்ட கால ஒழுங்கு இவ்வகை இசையில் அரிது.

இந்த முயற்சியின் உயிர் அதற்குள் இருக்கும் முரணில் உள்ளது. டெத் மெட்டலின் அடிப்படைக் கூற்று உடல் அழியும் என்பது. பாடுபவர் பிணத்தின் பக்கத்தில், பல பாடல்களில் பிணத்துக்குள்ளேயே நின்று பேசுவார். அத்வைதத்தின் கூற்று, நான் உடல் அல்ல என்பது. முதல் தொகுப்பில் உள்ள 'ஏஜ்லெஸ் கான்ஷியஸ்னெஸ், ஐ ஆம்' என்ற தலைப்பின் பொருளே வயதற்ற உணர்வு நான் என்பதுதான். அதைச் சொல்லும் குரலோ, மனிதத் தொண்டை எழுப்பக்கூடிய ஒலிகளில் மிகவும் உடல் சார்ந்த ஒன்று. குரல்நாண்களுக்கு மேலேயுள்ள தசைமடிப்புகள் அதிர்ந்து எழுவது. மூச்சும் எச்சிலும் தசையும் கேட்கும் ஒலி. உடலை மறுக்கும் செய்தியை உடலின் அடியாழத்திலிருந்து கேட்கும்போது, வேதாந்தச் சொற்பொழிவின் மென்குரலில் கிடைக்காத ஓர் அவசரம் அதற்கு வந்துவிடுகிறது. கீதையும் உபதேச மேடையில் பிறந்ததாகச் சொல்லப்படவில்லை. அம்பு பறக்கவிருக்கும் களத்தில், தேரில் பேசப்பட்டது. 2009 தொகுப்பின் 'ஹிம்ஸ் ஃப்ரம் தி பிளேசிங் சாரியட்' அந்தத் தேரைத் திரும்பக் களத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. மூன்று தொகுப்புகளிலும் கருத்தும் ஒலியும் மிக நெருங்கி வருவது இந்தப் பாடலில்தான்.

குரலும் சுரமும்

மந்திரத்தை உறுமலோடு சேர்ப்பது வெறும் அதிர்ச்சி உத்தி என்று ஒதுக்கிவிடக் கூடாது. வேத ஓதல் இராகம் அல்ல. உதாத்தம், அனுதாத்தம், ஸ்வரிதம் என்ற மூன்று ஒலிநிலைகளுக்குள் அது நடக்கும். மாத்திரை பிசகாமல் ஒரே தளத்தில் ஓடிக்கொண்டிருப்பதே அதன் வலிமை. டெத் மெட்டல் குரலுக்கும் திட்டமான சுருதி கிடையாது. அதன் வேலை தாளத்தை அழுத்துவது. ஆகவே இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் தோன்றுவதைவிடக் குறைவு. ஒரு கீர்த்தனையை உறுமினால் கீர்த்தனை செத்துவிடும். மந்திரம் சாகாது. 'ருத்ர' என்ற பெயருக்கு மரபு சொல்லும் வேர்ப்பொருள்களில் ஒன்று கதறுதல். குழு தன் பெயருக்கேற்ற குரலைத்தான் தேர்ந்திருக்கிறது.

கிதார் இழைகளிலும் தென்னிந்தியக் காதுக்கு ஒரு தனிச்செய்தி உண்டு. டெத் மெட்டல் அச்சத்தை உண்டாக்கப் பெரிதும் நம்பியிருப்பது இரண்டு இடைவெளிகளை. ஒன்று ஷட்ஜத்தை ஒட்டியிருக்கும் சுத்த ரிஷபம். மற்றது ஷட்ஜத்திலிருந்து பிரதி மத்திமம். மேற்கத்தியக் காதுக்கு இவை இருளின் ஒலிகள். ஆனால் சுத்த ரிஷபம் வரும் மாயாமாளவகௌளையில்தான் இங்கே பிள்ளைகள் சரளி வரிசை பாடத் தொடங்குகிறார்கள். ஓர் ஐரோப்பியருக்குப் பேய் நடமாடும் இடமாகத் தோன்றுவது, தமிழருக்குக் காலைப் பாட்டு வகுப்பு. இத்தகைய நகர்வுகள் வருமிடங்களில் ருத்ராவைத் தமிழர் சற்று வேறுவிதமாகவே கேட்பார். அச்சத்தைவிடப் பழக்கத்தின் சாயல் கூடுதலாக இருக்கும்.

குறைகளும் உண்டு. ஆங்கில வரிகள் தத்துவக் கலைச்சொற்களால் நிரம்பி வழிகின்றன. காட்சி குறைவு, கருத்து மிகுதி. மூன்றாவது தொகுப்பு தர்க்கத்துக்குள் இறங்கும்போது பாடல்கள் சில இடங்களில் விரிவுரையாகிவிடுகின்றன. சில பாடல்களில் மந்திரம் முகப்பில் ஒலித்துவிட்டு விலகிக்கொள்ள, அதன்பின் கேட்பது பிற நாட்டுக் குழுக்களும் வாசிக்கக்கூடிய சாதாரண டெத் மெட்டல். மந்திரமும் கிதாரும் ஒரே தாளத்தில் பூட்டப்படும் பாடல்களோடு ஒப்பிட்டால் இந்தப் பலவீனம் தெளிவாகத் தெரியும்.

தமிழ் எங்கே

கோரத்தையும் மரணத்தையும் பாடுவதற்குத் தமிழில் முன்னோடி இல்லாமல் இல்லை. புறநானூற்றின் காஞ்சித்திணைப் பாடல்கள் நிலையாமையைப் பேசுகின்றன. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் போர் முடிந்த களத்தில் பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் சமைத்துக் காளிக்குப் படைத்துத் தாமும் உண்கின்றன. கனிபல் கார்ப்ஸ் குழுவின் பாடல்களைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் அந்தப் பகுதியை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். பரணியின் நகைச்சுவை அமெரிக்கக் குழுவுக்குக் கைவரவில்லை. பட்டினத்தார் உடலின் அருவருப்பைச் சொல்லும் வேகம் இன்னொரு பக்கம்.

ஏட்டுக்கு வெளியிலும் இருக்கிறது. தூத்துக்குடி, திருநெல்வேலி வட்டாரங்களில் சுடலைமாடன் கொடை நடக்கும் இரவுகளில் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தின் மகுடமும் ஒலிக்கும். நள்ளிரவில் சாமியாடி சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவார். அருள் வந்த நேரத்தில் அவர் தொண்டையிலிருந்து எழும் உறுமலைச் சிறுவயதில் கேட்டவருக்கு, டெத் மெட்டல் குரலை முதன்முதலாகக் கேட்கும்போது விளக்கம் எதுவும் தேவைப்படாது. மகுடம் காலத்தை முடுக்கிக்கொண்டே போவதும், ஒரு கட்டத்தில் சொல் கரைந்து ஒலி மட்டும் மிஞ்சுவதும் அவர்களுக்குத் தெரிந்த அனுபவம்.

ருத்ரா இந்தச் செல்வத்தின் பக்கம் வராமல் உபநிடதத்துக்குப் போனதற்குக் காரணங்களை ஊகிக்கலாம். உலக மெட்டல் சந்தையில் ஆங்கிலம் வேண்டும். 'வேதம்' என்ற சொல்லுக்கு உலகெங்கும் அறிமுகம் உண்டு, சுடலைக்கு இல்லை. கதிர் வேதாந்தம் பயின்றவர். தனக்கு மெய்யாகப் பட்டதைப் பாடினார் என்பதும் மறுக்க முடியாத நியாயம். சிங்கப்பூரின் சூழலும் வேறு. அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. ஆனால் தைப்பூச ஊர்வலப் பாதையில் இசைக்கருவிகள் வாசிக்க 1973 முதல் தடை இருந்தது. 2016 இல்தான் அது ஓரளவு தளர்ந்தது. தெருவில் உறுமிக்கும் தவிலுக்கும் இடம் சுருங்கியிருந்த நகரத்தில் வளர்ந்த இளைஞர்கள், மரபை ஒலிப்பயிற்சி அறைக்குள் நூல்வழியாகத் தேடியதில் வியப்பில்லை.

நியாயங்கள் இருந்தாலும் இழப்பு இழப்புதான். உபநிடத வழியில் போனதால் ருத்ராவின் மரணம் தூய்மையாக இருக்கிறது. அதில் சாம்பல் உண்டு, சுடுகாட்டு மண் இல்லை. உடல் அல்ல நான் என்ற முடிவுக்கு இந்தப் பாடல்கள் விரைவாக வந்துவிடுகின்றன. கூழ் சமைத்த பேய்களோடும், மகனைச் சிதையில் வைத்துவிட்டு ஒப்பாரி சொல்லும் தாயோடும் சற்று நேரம் இருந்துவிட்டு அந்த முடிவுக்கு வந்திருந்தால் அதன் எடை கூடியிருக்கும்.

ருத்ரா பின்னர் 'ரிதா' (2013), 'எனிமி ஆஃப் டுவாலிட்டி' (2016), 'எய்ட் மஹாவித்யாஸ்' (2022) ஆகியவற்றை வெளியிட்டது. குழுவைப் புதிதாகக் கேட்பவர் 2009 தொகுப்பிலிருந்து தொடங்குவது நல்லது. தேர்ப் பாடலை முதல் முறை வரிகளைப் பார்க்காமல் கேட்கலாம்; இரண்டாம் முறை வரிகளோடு. பிறகு 2005 தொகுப்புக்குப் பின்னோக்கிப் போகலாம். 'தி ஆர்யன் குருசேட்' கடைசியாகக் கேட்கவேண்டியது.