அழித்த கோடுகளுக்கும் மதிப்பெண் உண்டா?

ஹைதராபாத்தின் உப்பலில் மெட்ரோ ஏறி, அமீர்பேட்டில் வண்டி மாறி, லக்டிகாபூலில் இறங்கினால் மாசப் டேங்க் பக்கம்தான். அங்குள்ள ஜவஹர்லால் நேரு கட்டடக்கலை, நுண்கலைப் பல்கலைக்கழகத்தில் ஓவியம், சிற்பத்தோடு அனிமேஷனும் பட்டப்படிப்பு. நடுவில் வரும் அமீர்பேட் முழுக்க மென்பொருள் பயிற்சிக்கூடங்கள். கருவியைப் பழகிக்கொள்ள அவையே போதும். கல்லூரியும் அதையே செய்தால் நான்கு ஆண்டுகள் எதற்கு?

கருவியால் நன்மை இல்லாமல் இல்லை. டிஜிட்டல் ஓவியம் மாணவரின் பயத்தைப் போக்குகிறது. அதன் பெரிய பலம் அதுதான். நீர்வண்ணத்தில் ஒரு தீற்றல் பிசகினால் காசு கொடுத்து வாங்கிய தாள் வீண். திரையிலோ கோட்டோவியத்தைத் தொடாமலே, கீழே தனித்தனி அடுக்குகளில் ஐந்து வண்ணச் சேர்க்கைகளைப் போட்டுப் பார்க்கலாம். கிருதா, பிளெண்டர் ஆகிய வரைகலை மென்பொருள்கள் இரண்டும் இலவசம். திரையில்லாத பேனா டேப்லெட் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஐபேடு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் கதவு திறந்திருக்கிறது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

ஆனால் அதே வசதி கண்ணைக் கெடுக்கவும் செய்கிறது. படத்தை 400 சதவீதம் பெரிதாக்கி இமைமயிரை ஒவ்வொன்றாக வரைபவர், முகமே கோணியிருப்பதைக் கவனிப்பதில்லை. ஓவியத் தாங்கியின் (ஈசல்) முன்னால் என்றால், நாலடி தள்ளி நின்று பார்க்கச் சொல்வார் ஆசிரியர். யோசிக்கும் நேரமும் திரையில் குறைகிறது. தெலங்கானாவின் செரியால் சுருள் ஓவியத்துக்குப் புளியங்கொட்டைப் பசையும் வெள்ளை மண்ணும் பூசி, துணியைக் காயவைத்த பிறகுதான் சிவப்புப் பின்னணி. துணி காயும் வரை யோசிக்க நேரமிருக்கிறது. திரையில் அதே சிவப்பு ஒரே தட்டலில் நிரம்பிவிடுகிறது.

இதைவிடப் பெரிய குறை மதிப்பீட்டில் இருக்கிறது. போட்டோஷாப் வழக்கமாகக் கடைசி 50 செயல்களைத்தான் நினைவில் வைத்திருக்கும். கோப்பை மூடினால் அதுவும் போய்விடும். மாணவர் எதை முயன்றார், எதைக் கைவிட்டார் என்பதற்குத் தடயமே இல்லாமல், முடிந்த படத்துக்கு மட்டும் மதிப்பெண் போடுகிறோம். செயற்கை நுண்ணறிவு நொடியில் படம் தரும் காலத்தில் இப்படி மதிப்பிடுவது ஆபத்து. வாரந்தோறும் வேறு பெயரில் கோப்பைச் சேமிக்கச் சொல்லலாம். கைவிட்ட வடிவங்களையும் சேர்த்து வாங்கி, ஒவ்வொன்றையும் ஏன் விட்டாய் என்று நேரில் கேட்கலாம். படைப்பாற்றல் எங்கே வேலை செய்தது என்பது அந்தப் பதிலில் தெரியும். ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேட்க ஆசிரியர்கள் கூடுதலாக வேண்டும். அவர்களை நியமிக்காமல் கணினிகளை மட்டும் வாங்கிக் குவிக்கும் கல்லூரி, பணத்தைத் தவறான இடத்தில் செலவிடுகிறது.