அடுத்த வீட்டு ஆராய்ச்சி

நாவல் எழுதுகிறவனுக்கு மானிடவியல் நூல்களின் மேல் கொஞ்சம் பொறாமை இருப்பது இயற்கைதான். இருவருக்கும் தொழில் ஏறக்குறைய ஒன்றே. பிறர் வீட்டுக்குள் நுழைந்து, அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், யாரோடு பேசுவதில்லை, எதற்காகக் கடன் வாங்குகிறார்கள் என்றெல்லாம் பார்த்து வந்து எழுதுவது. நாங்கள் எழுதினால் அதற்குப் பெயர் கதை. அவர்கள் எழுதினால் சாஸ்திரம். வாசகர் எங்களை நம்பாமல் ரசிக்கிறார். அவர்களை ரசிக்காமல் நம்புகிறார்.

முன்பெல்லாம் அவர்கள் கடல் கடந்த தீவுகளுக்குப் போனார்கள். ஆகவே எங்களுக்குப் போட்டி இல்லை. இப்போது சொந்த ஊர்த் தெருவுக்கும் சமையலறைக்கும் கடைவீதிக்கும் வந்துவிட்டார்கள். நம் காலத்து அன்றாட வாழ்வை அவர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள், அந்தப் புரிதலுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று சில எழுத்துக்களை வைத்துக்கொண்டு பார்க்கலாம். படித்த அறிஞர்கள் இதை வேறு விதமாகப் பார்ப்பார்கள். நான் கதைக்காரனாகத்தான் பார்க்க முடியும்.

வழியைத் திறந்துவிட்டவர் மாலினோவ்ஸ்கி. முதல் உலக யுத்த காலத்தில் நியூகினியை அடுத்த டிரோப்ரியண்ட் தீவுகளில் கூடாரம் அடித்துத் தங்கி, அந்த ஜனங்களின் பாஷையைக் கற்று, 1922இல் தம் பெரிய நூலை வெளியிட்டார். அவருக்கு முன்னால் பலர், துரைமார்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஆளை வரவழைத்துக் கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டவர்கள். கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத விஷயங்கள் இருக்கின்றன. காலையில் எழுந்து முகம் கழுவுவது, சமைப்பது, சண்டை, கேலி இவற்றைக் கூடவே இருந்துதான் பார்க்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். தம் துறைக்குத் தாம் ஒரு கான்ராட் ஆக வேண்டும் என்று அவர் சொன்னதாகக் குறிப்பு உண்டு. கான்ராட் நாவலாசிரியர் என்பதை இங்கே சற்றுப் பெருமையோடு நினைவூட்டுகிறேன். அவர் இறந்து இருபத்தைந்து வருஷம் கழித்து, 1967இல், அவருடைய நாட்குறிப்பு அச்சாகியது. அதில் எரிச்சலும் ஏக்கமும், தீவு ஜனங்களைப் பற்றிய வசையும் நிறைய இருந்தன. வேலையை விட்டுவிட்டு நாவல் படித்துப் பொழுதைப் போக்கியதற்காகத் தம்மையே கடிந்துகொள்கிற பக்கங்களும் உண்டு. பலர் அதிர்ச்சி அடைந்தார்கள். பார்க்கிறவனும் ஒரு மனிதன்தான் என்று காட்டிவிட்டதைத் தவிர அந்தப் புத்தகம் பெரிய குற்றம் ஒன்றும் செய்துவிடவில்லை என்பது என் அபிப்பிராயம்.

பார்க்கிறவனைத் திருப்பிப் பார்க்கிற வேலையை 1956இல் ஹொரேஸ் மைனர் என்ற அமெரிக்கர் வேறொரு விதமாகச் செய்தார். துறையின் முக்கியமான பத்திரிகை ஒன்றில், நாசிரெமா என்ற ஓர் இனத்தாரின் உடற்சடங்குகளைப் பற்றிச் சில பக்கக் கட்டுரை எழுதினார். அந்த இனத்தாருக்கு உடம்பு என்றால் அருவருப்பு. ஒவ்வொரு வீட்டிலும் அதற்காகவே ஒரு சந்நிதி உண்டு. சந்நிதியின் சுவரில் மந்திர மருந்துகள் அடைத்த பெட்டி. தினமும் பன்றி மயிர்க் கற்றை ஒன்றை வாய்க்குள் விட்டுச் சடங்கு செய்வார்கள். வருஷத்துக்கு ஓரிரு முறை வாய்ப் பூசாரியிடம் போய்ச் சித்திரவதை பட்டுத் திரும்புவார்கள். நாசிரெமா என்ற பெயரின் ஆங்கில எழுத்துக்களைப் பின்னாலிருந்து படித்தால் 'அமெரிக்கன்' என்று வரும். சந்நிதி என்பது குளியலறை. சடங்கு, பல் துலக்குவது. பூசாரி, பல் வைத்தியர்.

இதை வெறும் வேடிக்கை என்று தள்ளிவிடலாகாது. அவர் சொன்னதில் பொய் என்று ஒன்றையும் எடுத்துக் காட்ட முடியாது. மிகைப்படுத்தல் சொற்களில்தான் இருக்கிறது. நிஜத்தைச் சொல்லியே ஒரு ஜனத்தொகையை விநோதப் பிராணிகளாக்கிவிடலாம் என்றால், அதற்கு முன்னால் ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் பற்றி வந்த எத்தனை நூல்கள் சிரிக்காமல் எழுதப்பட்ட நாசிரெமாக் கட்டுரைகள் என்ற சந்தேகம் எழுகிறது. பட்டணத்து வாசகனுக்காகக் கிராமத்துக் கதை எழுதுகிற எங்களுக்கும் இதில் ஒரு சூடு இருக்கிறது. ஆனால் மைனரின் உத்திக்கு ஒரு எல்லையும் உண்டு. பல் துலக்குகிறவன் துலக்கும்போது எதை நினைத்துக்கொண்டிருந்தான் என்று அதற்குத் தெரியாது. வெளியிலிருந்து பார்க்கிற கண்ணை அது பரிகாசம் செய்கிறது, உள்ளே போகவில்லை.

உள்ளே போனவர் டேனியல் மில்லர். லண்டன் சர்வகலாசாலையின் ஒரு கல்லூரியைச் சேர்ந்தவர். பியோனா பாரட் என்ற மாணவியோடு தென் லண்டனில் ஒரு சாதாரணத் தெருவைத் தேர்ந்தெடுத்து, ஒன்றரை வருஷத்துக்குச் சற்றுக் குறைவாக, சுமார் நூறு பேரைக் கண்டு, அவர்கள் வீட்டில் உள்ள சாமான்களைப் பற்றிப் பேச வைத்தார். அவர்களில் முப்பது சித்திரங்கள் 2008இல் 'சாமான்களின் ஆறுதல்' என்று பொருள்படும் ஆங்கில நூலாக வந்தன. தெருவுக்கும் மனிதர்களுக்கும் பொய்ப் பெயர்கள்தான்.

முதல் சித்திரத்தின் தலைப்பு 'வெறுமை'. ஜார்ஜ் என்ற கிழவரின் வீடு. சுவரில் படம் இல்லை, அலமாரியில் நினைவுப் பொருள் இல்லை, இருக்க வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்கள் மட்டும் இருக்கின்றன. பேசப் பேசத் தெரிகிறது, அவர் வாழ்நாள் முழுவதும் யாரோ ஒருவர் சொன்னபடி நடந்து வந்தவர். தாமாக எதையும் வேண்டியதில்லை. அடுத்த சித்திரத்தின் தலைப்பு 'நிறைவு'. கிளார்க் தம்பதியின் வீடு. கிறிஸ்துமஸ் மரத்தை அலங்கரிக்க வெகு காலமாகச் சேர்த்து வைத்த சின்னஞ்சிறு சாமான்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு ஆள், ஒரு வருஷம், ஒரு பிரியம்.

நானோ என் நண்பர்களோ ஜார்ஜைப் பற்றி எழுதியிருந்தால் என்ன செய்திருப்போம்? மேஜை இழுப்பறையைத் திறந்திருப்போம். அதற்குள் ஒரு பழைய புகைப்படமோ, அனுப்பாத கடிதமோ வைத்திருப்போம். வாசகரின் கண் கலங்கியிருக்கும். கதைக்கும் நல்ல முடிவு கிடைத்திருக்கும். மில்லர் இழுப்பறையைக் காலியாகவே விட்டுவிடுகிறார். காலியாக இருந்தது, ஆகவே காலி என்று எழுதுகிறார். அந்தக் காலி இழுப்பறை எங்கள் புகைப்படத்தைவிட அதிகமாக வருத்துகிறது. கதை எழுதுகிறவன் மானிடவியலாரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டென்றால் இந்தக் கட்டுப்பாடுதான்.

இன்னொரு சித்திரம் மரீனா என்ற தாயைப் பற்றியது. மக்டொனால்ட்ஸ் கடையில் குழந்தைகளின் சாப்பாட்டோடு கொடுக்கிற பிளாஸ்டிக் பொம்மைகளை விடாமல் சேர்க்கிறவள். படித்தவர்கள் இதைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள். ஆனால் அவள் வசதியான, அன்பு வறண்ட வீட்டில் வளர்ந்தவள். தனக்குக் கிடைக்காத ஒன்றைத் தன் குழந்தைகளுக்குக் கொடுக்க அவள் கண்டுபிடித்த பாஷை அந்தப் பொம்மைகள். சாமான்களின் மேல் ஆசை வைத்தவன் மனிதர்களை மறப்பான் என்பது நாம் எல்லோரும் யோசிக்காமல் சொல்கிற நீதி. சாமானோடு நெருக்கமாக இருப்பவர்களே பெரும்பாலும் மனிதர்களோடும் நெருக்கமாக இருக்கிறார்கள் என்று மில்லர் சொல்கிறார். எல்லா இடத்திலும் இது செல்லுமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. துறவியின் காலி அறையும் ஜார்ஜின் காலி அறையும் ஒன்றல்ல. அறையை மட்டும் பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. மில்லருக்குத் தெரிந்தது, அவர் ஜார்ஜோடு உட்கார்ந்து பேசியதால். சித்தாந்தத்தைவிட அந்தப் பேச்சுத்தான் நூலைக் காப்பாற்றுகிறது.

ஆனால் உட்கார்ந்து பேசியவர்கள் பிறகு அந்த நூலைப் படித்தால்? இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியம். நான்சி ஷெப்பர்-ஹியூஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1970களின் நடுவில் அயர்லாந்தின் மேற்குக் கரையோரக் கிராமம் ஒன்றில் குடும்பத்தோடு தங்கினார். 1979இல் நூல் வெளிவந்தது. நிலத்தைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு நிறுத்தப்படும் கடைசிப் பிள்ளை, கலியாணம் ஆகாத ஆண்கள், மனநோய் இவற்றுக்கெல்லாம் முடிச்சுப் போட்டது அந்த நூல். துறையில் பரிசும் கிடைத்தது. கிராமத்துக்குப் பொய்ப் பெயர்தான் வைத்திருந்தார். என்ன பிரயோஜனம்? ஊர் எது என்பது சீக்கிரமே வெளிப்பட்டுவிட்டது. ஊராருக்கு எந்தப் பாத்திரம் யார் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பொய்ப் பெயர் அந்நியனிடமிருந்து மறைக்கும். அடுத்த வீட்டுக்காரனிடமிருந்து மறைக்காது. 1999இல் அவர் திரும்பிப் போனபோது ஊரை விட்டுப் போகும்படி சொல்லிவிட்டார்கள். அந்த ஊரின் நல்ல பலங்களையும் தாம் எழுதியிருக்க வேண்டும் என்று பிற்பாடு அவரே எழுதினார்.

ஊரார் கோபப்பட்டார்கள் என்பதால் நூல் பொய் ஆகிவிடாது. கசப்பான நிஜத்தை எழுதத்தான் வேண்டும். ஆனால் நம்மை வீட்டுக்குள் விட்டுத் தேநீர் கொடுத்தவன், தன்னை ஒரு நோய்க்கு உதாரணமாக மட்டும் காணும்போது, அவனுடைய வாழ்வில் முக்கால் பங்கு களவு போனதாக உணர்கிறான். அந்த உணர்ச்சிக்குப் பதில் சொல்ல எந்தச் சாஸ்திரத்தாலும் ஆகாது.

எதிர்ப்புறத்தில் நம் அண்டை மைசூர்க்காரர் எம். என். ஸ்ரீனிவாஸை வைத்துப் பார்க்கிறேன். 1948இல் மைசூரை அடுத்த கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்தவர். ராம்புரா என்று அதற்குப் பெயர் வைத்தார். பதினெட்டு வருஷமாகப் பகுத்துத் தொகுத்த குறிப்புகளின் மூன்று பிரதிகளோடும் அமெரிக்காவில் ஸ்டான்போர்டுக்குப் போனார். 1970 ஏப்ரல் 24இல் யாரோ வைத்த தீயில் மூன்றும் எரிந்தன. நண்பர்கள் ஊக்கம் கொடுக்க, ஞாபகத்திலிருந்தே எழுதத் தொடங்கி, 1976இல் 'நினைவில் நின்ற கிராமம்' என்று பொருள்படும் நூலை வெளியிட்டார். ஊர்த் தலைவர், நாடு கவுடர், ஆராய்ச்சிக்கு உதவிய குள்ளே கவுடர் என்று மனிதர்கள் அதில் ஆளும் பேச்சுமாக நடமாடுகிறார்கள். தம்மைப் பிராமணனாகவே ஊரார் எங்கே நிறுத்தினார்கள், அதனால் எந்தத் தெருவை நன்றாகப் பார்க்க முடியவில்லை என்பதையும் அவர் மறைப்பதில்லை. ஏழைகளின் சேரியை அவர் போதிய அளவு பார்க்கவில்லை என்ற குறை நியாயமானது. ஆனால் எங்கே நின்று பார்த்தார் என்று அவரே சொல்லியிருப்பதால்தான் அந்தக் குறையை நாமும் கண்டுபிடிக்க முடிகிறது.

தீ நல்லது செய்தது என்று சொல்ல மாட்டேன். பதினெட்டு வருஷ உழைப்பு அது. ஆனால் அட்டவணைகள் எரிந்த பிறகு ஒருவர் மனசில் மிஞ்சியது உறவுகள். அன்றாட வாழ்வைப் பற்றிய எந்த நூலையும், நாவலானாலும் ஆராய்ச்சியானாலும், நான் இனி இப்படித்தான் அளக்கப் போகிறேன்: இழுப்பறையில் இல்லாததை வைக்கவில்லையே? எழுதினவன் தான் நின்ற இடத்தைச் சொன்னானா? எழுதப்பட்டவன் வாசலில் வந்து நின்றால், அந்தப் புத்தகத்தை அவன் கையில் கொடுக்க முடியுமா? மூன்றாவது கேள்விக்குக் கூசாமல் பதில் சொல்லக்கூடிய நூல்கள் இரண்டு அலமாரியிலும் குறைவுதான்.