கூட்டத்தில் தொலைந்த குழந்தை

கங்கையும் யமுனையும் கூடும் பிரயாகையில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கும்பமேளா நடைபெறுகிறது. நாடு விடுதலை பெற்றபின் அங்கு முதன்முறையாக அது நடந்த 1954ஆம் ஆண்டு, பிப்ரவரி 3ஆம் நாள், மௌனி அமாவாசையன்று, நெரிசலில் சிக்கி நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். விக்ரம் சேத் 1993இல் வெளியிட்ட ‘எ சூட்டபிள் பாய்’ என்னும் ஆங்கிலப் பெருநாவலில் வரும் ‘புல் மேளா’ அந்தத் துயரத்தையே நமக்கு நினைவூட்டுகிறது. பிரம்மபூர் என்னும் அந்த ஊர் கற்பனை. அங்கு சிந்தும் கண்ணீர் கற்பனையன்று.

அந்நெரிசலில் பாஸ்கர் என்னும் இந்துச் சிறுவன் தொலைந்து போகிறான். அவனைக் காப்பவன் கபீர் துர்ரானி என்னும் முஸ்லிம் இளைஞன். இவ்விடத்தில் நாம் சற்றே அஞ்சினோம். கதைகளிலும் திரைப்படங்களிலும் முஸ்லிம் பாத்திரம் தன் உயிரைக் கொடுத்தே ‘நல்லவன்’ என்று சான்று பெற வேண்டியிருப்பதை நெடுங்காலமாகக் கண்டு வருகிறோமல்லவா? சேத் அவ்வழியிற் செல்லவில்லை. பாஸ்கர் கணக்கில் மேதை. கபீரின் தந்தையோ கணிதப் பேராசிரியர். எண்களின் வழியே முன்னரே அறிமுகம் உண்டு. அறிந்த பிள்ளையைக் கபீர் மீட்கிறான், அவ்வளவே. அதற்குக் கைம்மாறாக அவன் விரும்பிய லதா அவனுக்குக் கிடைத்துவிடவுமில்லை. நன்மைக்கு விலை பேசாத இந்த நேர்மையே அப்பகுதியின் உயர்வு.

குறையும் உண்டு. அமைச்சரின் பேரனான பாஸ்கருக்காக நாம் பதறுகிறோம். மாண்டுபோன ஏழை யாத்திரிகர்களோ பெரும்பாலும் பெயரின்றியே கடந்து போகின்றனர். 1990இல் மக்காவை அடுத்த மினாவின் சுரங்கப்பாதையில் 1,426 ஹாஜிகளை இழந்த நமக்கு இது உறுத்துகிறது. இறைவனை நாடிப் புறப்பட்டவரின் மரணம் வெறும் எண்ணிக்கையாகிவிட்டால், வீட்டில் காத்திருந்தவர் அவரை இருமுறை இழக்கிறார்.

2025 ஜனவரி 29ஆம் நாள் பிரயாகையில் மீண்டும் நெரிசல்; 30 பேர் மாண்டதாக அரசு அறிவித்தது. மேளாவில் முஸ்லிம்கள் கடை வைக்கலாகாது என்ற குரல் முன்னரே எழுந்திருந்தது. எனினும், வழியறியாது தவித்த யாத்திரிகர்களுக்கு அந்நகரின் பள்ளிவாசல்களும் இமாம்பாராக்களும் கதவு திறந்தன. உணவும் உறைவிடமும் தந்தன. சேத் எழுதியது மிகையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அப்பகுதியை நம் பிள்ளைகள் படிக்கட்டும். படித்தபின், கபீரைப் போலவே, செய்த உதவிக்குக் கணக்கு எழுதாதிருக்கவும் கற்றுக்கொள்ளட்டும்.