வேலையைத் தொடாத நலத்திட்டங்கள்

ஊழியர் நலத்திட்டத்தில் ஒரு டாலர் போட்டால் மருத்துவச் செலவில் மூன்று டாலருக்கு மேல் மிச்சமாகும் என்று 2010இல் கேத்தரின் பெய்க்கர், டேவிட் கட்லர், ஜிருய் சாங் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் எழுதினார்கள். அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் போட்ட கணக்கு அது. அதே ஆண்டு நிறைவேறிய ஒபாமா அரசின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டமும் இத்தகைய திட்டங்களுக்கு ஊக்கமளித்தது. ரத்தப் பரிசோதனை, எடைக்குறைப்பு வகுப்பு, யோகா எல்லாம் அமெரிக்க அலுவலகங்களில் பரவின.

அந்தக் கணக்கை உலுக்கியது இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2016இல் தொடங்கிய ஆய்வு. அங்கே சுமார் 4,800 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் திட்டத்தைத் திறந்துவிட்டார்கள். சேர்ந்தவர்களைச் சேராதவர்களோடு ஒப்பிட்டால் திட்டம் அற்புதமாகத் தெரிந்தது. குலுக்கலில் வாய்ப்புப் பெற்றவர்கள் அனைவரையும் பெறாதவர்களோடு ஒப்பிட்டபோது, மருத்துவச் செலவிலும் உடற்பயிற்சிப் பழக்கத்திலும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. காரணம் எளிது. விரும்பி வந்து சேர்ந்தவர்கள் ஏற்கெனவே மருத்துவத்துக்குக் குறைவாகச் செலவழித்தவர்கள். அவர்களது பழைய ஆரோக்கியத்தைத் திட்டத்தின் சாதனையாக எண்ணிவிடுவது எவ்வளவு சுலபம் என்பதை இந்த ஆய்வு காட்டிவிட்டது.

பெய்க்கரும் சாங்கும் தங்கள் பழைய முடிவோடு நின்றுவிடவில்லை என்பதைப் பாராட்ட வேண்டும். ஒரு பெரிய சில்லறை வணிக நிறுவனத்தின் 160 கிளைகளில் ஏறத்தாழ 33,000 ஊழியர்களிடம் அவர்கள் நடத்திய குலுக்கல் முறை ஆய்வு 2019இல் வெளியானது. ஒன்றரை ஆண்டில், உடற்பயிற்சி செய்வதாகவும் எடையைக் கவனிப்பதாகவும் சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். ரத்த அழுத்தமோ கொழுப்போ விடுப்பு நாட்களோ அசையவில்லை.

அதற்காக எல்லாவற்றையும் வீண் என்று தள்ளிவிட முடியாது. இல்லினாயிலேயே பரிசோதனை செய்துகொண்டவர்கள் அதிகரித்தார்கள். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், புகைபிடித்தலைக் கைவிட 750 டாலர் வரை பரிசு பெற வாய்ப்பிருந்த ஊழியர்களில் 14.7 சதவீதத்தினர் அப்பழக்கத்தை விட்டிருந்தார்கள். பரிசு இல்லாதவர்களில் 5 சதவீதம்தான். ஒரே இலக்கு, உறுதியான பரிசு, சோதித்துப் பார்க்கும் ஏற்பாடு இருந்தால் பலன் கிடைக்கிறது.

எனக்கு ஏற்க முடியாதது வேறொன்று. இலக்கை எட்டியவருக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் சலுகை என்றால், எட்டாதவர் கூடுதலாகக் கட்டுகிறார். இரவுப் பணியில் தூக்கம் கெட்டு, சர்க்கரையும் எடையும் ஏறியவர் அந்தப் பணிக்காகவே இரண்டாம் முறை தண்டிக்கப்படுகிறார். இது அநீதி.

வேலை உடலைக் கெடுக்கும் என்பதற்குச் சான்று குறைவில்லை. தம் வேலையைத் தாமே தீர்மானிக்கும் உரிமை குறைந்தவர்களுக்கு இதயநோய் அதிகம் என்று லண்டன் அரசு ஊழியர்களிடம் ஆய்வாளர் மைக்கேல் மார்மட்டின் குழு கண்டது. நீண்ட வேலைநேரத்தால் 2016இல் மட்டும் 7,45,000 பேர் பக்கவாதத்திலும் இதயநோயிலும் இறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மதிப்பிட்டன. வாரம் 55 மணி நேரம் உழைப்பவருக்கு மூச்சுப்பயிற்சிச் செயலி தருவது இதற்குப் பதிலாகாது.

தமிழ்நாட்டில் 2021இல், கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தது. நாள் முழுக்க நின்றே கால் வீங்கும் ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு அது பயிற்சி வகுப்போ போட்டியோ நடத்தச் சொல்லவில்லை. வேலையின் நிபந்தனையையே மாற்றச் சொல்கிறது. நிறுவனங்கள் நலத்துக்கென ஒதுக்கும் பணத்தில் பெரும்பங்கு செல்ல வேண்டிய திசை அதுதான்: இருக்கை, முன்கூட்டியே தெரியும் பணி அட்டவணை, போதிய ஆட்கள், வெட்டப்படாத விடுப்பு.