நாவற்பழமும் ஒரு வளையலும்

திருமுழுக்கு நாள்களில் மறையுரையைப் புறநானூற்றின் 188ஆம் பாட்டோடு தொடங்குவது நெடுங்காலம் என் வழக்கமாக இருந்தது. பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய பாட்டு, ஏழே அடிகள். குருத்துவக் கல்லூரியில் எங்களுக்குத் தமிழ் கற்பித்த முதிய ஆசிரியர் அதனை விளக்கும்போது, இல்லாத கலத்தில் இல்லாத சோற்றைத் தம் கையாலேயே துழாவிக் காட்டுவார். வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பை நான் கோயிலுக்குள் கொண்டுவந்தேன். குழந்தையை மடியில் வைத்திருக்கும் இளந்தாயின் முகம் மலரும்; தாத்தாக்கள் தலையசைப்பர். இத்தகைய மக்கள் இல்லாதவர்க்கு வாழும் நாளால் பயனில்லை என்ற முடிவைச் சொல்லி, திருமுழுக்குத் தொட்டியை நோக்கி நடப்பேன்.

ஒருமுறை வழிபாடு முடிந்து திருவுடைகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நடுவயதுப் பெண் ஒருவர் வாயிலில் வந்து நின்றார். தங்கையின் குழந்தைக்கு ஞானத்தாயாக நின்றவர். “சாமி, அந்த ராசா சொன்னபடி பார்த்தா நான் வாழ்ந்த நாளெல்லாம் வீண்தானே?” என்று கேட்டார். குரலில் சினம் இல்லை, கண்ணீரும் இல்லை. விலை விசாரிப்பதைப் போலக் கேட்டார். “கவிதையில் அப்படி மிகையாகச் சொல்வதுண்டு அம்மா” என்றேன். “சரி சாமி” என்று போய்விட்டார். மிகை எது, மெய் எது என்று எனக்கே தெரியாமல் சொன்ன விடை அது. அன்றிரவு நூலை எடுத்துப் பாட்டை முதலிலிருந்து படித்தேன். இக்கட்டுரை அந்த இரவில் தொடங்கியது. மணமாகாத குருவுக்குப் பிள்ளை வளர்ப்பைப் பற்றி என்ன தெரியும் என்று நகைக்கும் வாசகர் நகைக்கட்டும். நான் எழுதப்போவது பிள்ளை வளர்ப்பைப் பற்றியன்று, அதனைப் பாடியவர்களைப் பற்றி.

அறிவுடைநம்பியின் பாட்டில் குழந்தை செய்யும் செயல்களை எண்ணிப் பாருங்கள். குறுகக் குறுக நடக்கிறது, கையை நீட்டுகிறது, சோற்றைத் தரையில் இடுகிறது, தொடுகிறது, வாயால் கவ்வுகிறது, துழாவுகிறது, நெய்ச்சோற்றை மேனியெல்லாம் சிதறிக்கொள்கிறது. ஏழு வினைகள். குழந்தைக்கு இன்ன நிறம், இன்ன அழகு என்று ஓர் அடைமொழிகூட இல்லை. வினைகளை அடுக்கியே குழந்தையைக் கண்முன் நிறுத்திவிடுகிறார் புலவர். பல பேரோடு அமர்ந்து உண்ணும் பெருஞ்செல்வரின் பந்தி அது; ஒழுங்கும் மரியாதையும் நிறைந்த இடம். அந்த ஒழுங்கின் நடுவே புகுந்து, மிகச் சிறியதொரு உயிர் அதனைக் கலைத்துப்போடுகிறது. நகைச்சுவையின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. கவிதை என்ற அளவில் இப்பாட்டின்மேல் எனக்குள்ள மதிப்பு இன்றும் குறையவில்லை.

ஆனால் அந்த இரவில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. சிதறிய சோற்றைப் பெருக்கியவர் யார்? நெய் பூசிய மேனியைக் கழுவியவர் யார்? பாட்டில் தாய் இல்லை, செவிலி இல்லை. இருப்பவர் பார்ப்பவர் ஒருவரே. குழந்தை அவருக்கு உணவுவேளையில் கிடைத்த இனிய காட்சி. காட்சியைக் கண்டு மயங்கியவர், அக்காட்சி கிடைக்காதவர் எல்லாரையும் நோக்கித் தீர்ப்பு ஒன்றை வழங்கிவிட்டு எழுந்துபோகிறார். முதல் ஆறு அடிகளில் ஊறிய சிரிப்பு ஏழாம் அடியில் தீர்ப்பாக இறுகிவிடுகிறது. பொதுவியல் திணையில், பொருண்மொழிக் காஞ்சித் துறையில் இதனைச் சேர்த்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பே முதன்மையாகத் தோன்றியிருக்க வேண்டும். நானும் அதே பிழையைத்தான் செய்துவந்தேன்: சிரிப்பைக் காட்டிக் கூட்டத்தை வசப்படுத்தி, தீர்ப்பைச் சொல்லி முடித்தேன்.

வள்ளுவரும் இதற்கு அண்மையில் நிற்கிறார். பாண்டியனின் கலத்தில் நெய்ச்சோறு. குறளிலோ பிள்ளையின் சிறுகை அளைவது கூழ். ஏழைவீட்டுப் பாத்திரம் அங்கே வந்துவிட்டதில் எனக்கு மகிழ்ச்சி. எனினும் அந்தக் குறளிலும் (64), குழலையும் யாழையும் பேசும் குறளிலும் (66) ‘தம்’ என்ற சொல் காவல் நிற்கிறது. தம் மக்களின் கை, தம் மக்களின் மழலை. இவ்விரண்டுக்கும் இடையே நிற்கும் 65ஆம் குறளில் மட்டும் அச்சொல் இல்லை. மேனி தீண்டல் உடலுக்கு இன்பம், சொல் கேட்டல் செவிக்கு இன்பம் என்கிற அக்குறள், யாருடைய மக்கள் என்று கேட்கவில்லை. முன்னும் பின்னும் உள்ளவற்றை நோக்கித் தம் மக்கள் என்றே கொள்வது முறை என்பர். முறையை நான் மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு சொல் இல்லாத இடத்தில் சற்றே மூச்சுவிட இடம் கிடைக்கிறது.

நான் தேடியது கிடைத்த இடம் பெரியாழ்வார். நம் பக்கங்களில் அவர் பெயர் வருவது புதிதன்று. தமிழைக் கற்ற கிறித்தவர் யாரும் அவரைத் தாண்டிப் போக இயலாது. திருவில்லிபுத்தூரில் மலர்த்தோட்டம் பேணியவர். துளசிச் செடியடியில் கண்ட பெண்குழந்தையை எடுத்து வளர்த்தார் என்பது வைணவ மரபு, அக்குழந்தையே ஆண்டாள். பெற்றெடுக்காமல் வளர்த்தவர். அவர் கண்ணனைப் பாட எடுத்துக்கொண்ட குரலோ, அதேபோலப் பெற்றெடுக்காமல் வளர்த்த யசோதையின் குரல். என்னிடம் கேள்வி கேட்ட அம்மையாரை நினைத்துக்கொண்டு இதனைப் படித்தபோது சிறிது நேரம் நூலை மூடி வைத்தேன்.

பெரியாழ்வார் திருமொழியின் முதற் பதிகத்திலேயே வீடு தலைகீழாகிவிடுகிறது. பிள்ளை பிறந்த களிப்பில் ஆயர்கள் எண்ணெயும் சுண்ணமும் எறிந்து விளையாடி முற்றத்தைச் சேறாக்குகிறார்கள், ஓடுகிறார்கள், விழுகிறார்கள். அந்த ஆரவாரம் அடங்கும் முன்பே, அதே பதிகத்தின் ஒன்பதாம் பாட்டில், தாய் தோழியிடம் குறைசொல்லத் தொடங்கிவிடுகிறாள். தொட்டிலில் கிடத்தினால் தொட்டில் கிழிய உதைக்கிறான். இடுப்பில் எடுத்தால் இடுப்பு ஒடிகிறது. இறுக அணைத்தால் வயிற்றில் பாய்கிறான். எனக்கு உடம்பில் வலுவில்லை, மெலிந்துபோனேன் என்கிறாள். கிடத்தவும் முடியாது, எடுக்கவும் முடியாது, அணைக்கவும் முடியாது. வேறு என்னதான் செய்வது? நம் பங்கில் ஞாயிறு திருப்பலிக்குக் கைக்குழந்தையோடு வரும் எந்தத் தாயைக் கேட்டாலும் இந்த மூன்று நிலைகளையும் ஒப்புவிப்பாள். (பீடத்திலிருந்து பார்க்கிற எனக்கு இது நன்றாகத் தெரியும். நற்செய்தி வாசிக்கையில் கடைசி வரிசையிலிருந்து எழுந்து வெளியே போகும் பெண்களை ஒருகாலத்தில் முறைத்திருக்கிறேன், அதற்காக வெட்கப்படுகிறேன்.)

இதுவே அறிவுடைநம்பிக்கும் பெரியாழ்வாருக்கும் உள்ள வேறுபாடு. அரசன் பார்க்கிறான், யசோதைக்கோ இடுப்பு வலிக்கிறது. பார்ப்பவனுக்குக் குழந்தை ஒரு பயன். ஆகவே இல்லாதவரைக் கணக்கெடுக்கத் தோன்றுகிறது. களைத்தவளுக்கு அந்தக் கணக்கெல்லாம் போட நேரம் இல்லை. அவளது குறைசொல்லே கொஞ்சல், கொஞ்சலே குறைசொல். பிள்ளையிடம் தோற்றுப்போனவளின் சிரிப்பு அது.

நீராட அழைக்கும் பாட்டுகளைப் பாருங்கள். கன்றுகளின் காதில் கட்டெறும்பைப் பிடித்து விட்டவன் அந்தப் பிள்ளை. கன்றுகள் மிரண்டு ஓடிப்போனால் நீ எப்படி வெண்ணெய் உண்பாய் பார்க்கலாம் என்று மிரட்டுகிறாள். பின்வரும் பாட்டொன்றில் மிரட்டல் பலிக்காதது தெரிகிறது: அப்பமும் சிற்றுண்டியும் சுட்டு வைத்திருக்கிறேன், வேண்டுமானால் குளிக்க வா என்று இறங்கிவருகிறாள். தலைவாரப் பிள்ளை நிற்கமாட்டான். எனவே காக்கையைக் கூப்பிடுகிறாள். பகைமுடித்த பெருவீரனென்றும் அவனைப் போற்றுகிறாள். ஆனால் அந்த வீரனைத் தண்ணீர்க் குடத்தருகே கொண்டுவர அவளால் ஆகவில்லை.

பிற்காலப் பிள்ளைத்தமிழ் இந்த ஊற்றிலிருந்து வந்ததே. முழு வடிவில் நமக்குக் கிடைக்கும் முதற் பிள்ளைத்தமிழ், 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று பருவங்கள் பத்தாக வகுக்கப்பட்டன. வடிவம் சீரானது, ஆனால் வீடு காணாமற்போனது. தொட்டிலில் கிடப்பவர் முடிசூடிய மன்னர். அவர் சப்பாணி கொட்டினால் பகைவர் நாடு நடுங்கும். 20ஆம் நூற்றாண்டில் அரசியல் தலைவர்களையும் தொட்டிலில் இட்டுப் பாடினார்கள். படித்தவர்கள் சிரித்திருப்பர், பாடியவர் எண்ணிய காரணத்துக்காக அன்று. அம்புலிப் பருவத்தை மட்டும் இந்தக் குற்றச்சாட்டிலிருந்து விலக்க வேண்டும். நிலாவை விளையாட அழைக்கும் தாய் சாம, தான, பேத, தண்டம் என்னும் அரசியல் உபாயங்கள் நான்கையும் கையாள்கிறாள்: இன்சொல் சொல்கிறாள், தருவதாக ஆசை காட்டுகிறாள், என் பிள்ளைமுன் நீ எம்மாத்திரம் என்கிறாள், இறுதியில் அச்சுறுத்துகிறாள். ஒரு பிடி சோற்றை ஊட்டி முடிப்பதற்குள் இந்த நான்கையும் கடந்துவராத தாய் உண்டோ? 17ஆம் நூற்றாண்டின் குமரகுருபரர் கையில் மதுரை மீனாட்சியும் உண்மையிலேயே குழந்தையாகிவிடும் இடங்கள் உண்டு. மற்றையோரில் பலரிடம் குழந்தை வெறும் சாக்கு.

உரைநடையில் இந்தச் சிரிப்பு மீண்டு வந்தது என்பேன். கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ சிறுகதையில் கதைசொல்லி மணமாகாதவர். அண்டைவீட்டுப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூங்குகிறவரை எழுப்பிப் புத்தகங்களைச் சூறையாடுகிறார்கள். அங்கும் ‘தம்’ என்ற சொல்லுக்கு வேலை இல்லை. ஆனால் அழகிரிசாமி அதன் மறுபக்கத்தையும் காட்டுகிறார். மற்ற பிள்ளைகளுக்கு நாட்குறிப்பேடு கொடுத்தவர், சாரங்கன் என்ற சிறுவனை மறந்துவிடுகிறார். அவன் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்து, தானே வைத்திருந்த நாட்குறிப்பேட்டை நீட்டி, தனக்கு அவர் அன்பாகத் தந்ததாக எழுதித் தரச் சொல்கிறான். சிரித்துக்கொண்டே படித்துவந்த எனக்கு அந்த இடத்தில் பக்கத்தைத் திருப்ப முடியவில்லை. குழந்தைகளின் இன்பத்தை உரிமையின்றிப் பெறுகிறவர்களுக்கும் கடன் உண்டு. ஒரு பிள்ளையையும் விட்டுவிடக் கூடாத கடன்.

மறுபடியும் பெரியாழ்வாருக்கே வருகிறேன். இரண்டாம் பத்தின் ஒன்பதாம் பதிகம் முழுதும் அண்டைவீட்டுப் பெண்கள் யசோதையிடம் கொண்டுவரும் முறையீடு. வெண்ணெயை விழுங்கிவிட்டு வெறுங்கலத்தைக் கல்லில் எறிந்து உடைத்து, அந்த ஓசையைக் கேட்டு மகிழ்கிறானாம். வெண்ணெய்க்காகத் திருடுகிறவன் ஓடிப்போவான். இவன் ஓசைக்காக நிற்கிறான். பத்தாம் பாட்டில் ஒருத்தி சொல்கிறாள்: என் மகளைக் கூப்பிட்டு அவள் கைவளையைக் கழற்றிக்கொண்டு, நாவற்பழம் விற்க வந்தவளிடம் அதைக் கொடுத்துப் பழம் வாங்கித் தின்றுவிட்டு, கேட்டால் நான் அல்லேன் என்று சிரிக்கிறான். நாவற்பழம் தின்ற வாயைத் திறந்தால் நாக்கே சாட்சி சொல்லிவிடுமே! பாட்டில் அது சொல்லப்படவில்லை; நாவல் மரம் உள்ள ஊரில் வளர்ந்தவர்க்குச் சொல்ல வேண்டியதும் இல்லை.

இப்போது திருமுழுக்கு நாள்களில் இந்த வளையல் கதையைச் சொல்கிறேன். பாண்டியனின் பாட்டை விடவில்லை; ஆறடியோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்த அம்மையாரைத் தேடிப்போய் நான் சொன்ன விடை தவறு என்று சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை; தங்கை மகள் அவருடைய கண்ணாடியை எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டதாகவும் இரண்டு நாளாகத் தேடுவதாகவும் சொல்லிக்கொண்டிருந்தார். கிடைத்ததா என்று கேட்டேன். “கேட்டா, நான் இல்லைங்குது சாமி” என்றார்.