கரிசல் புனைவும் இனப்பெயர்களின் துல்லியமின்மையும்: ‘கோபல்ல கிராமம்’ நாவலை முன்வைத்து

முன்னுரை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் 1985இல் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் அடங்கியவை. மானாவாரி வேளாண்மையும் கண்மாய்ப் பாசனமும் நெசவும் வாழ்வாதாரமாக அமைந்த இப்பகுதியில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகளாக வழங்குகின்றன. இம்மக்களைக் குறிக்கும் ‘தெலுங்கர்’, ‘நாயக்கர்’, ‘வந்தேறி’ ஆகிய சொற்கள் பல நேரங்களில் ஒரே பொருளுடையனபோல் ஆளப்படுகின்றன. அவை எவற்றைச் சுட்டுகின்றன, எவற்றை மறைக்கின்றன என்பதை, இந்நிலத்தின் தொடர்ச்சியான கோவில்பட்டிக் கரிசலைச் சேர்ந்த கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) நாவலை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

பட்டமும் மொழியும்

‘நாயக்கர்’ என்பது ஒரு பட்டம். கரிசலில் அதைத் தாங்கும் கம்மவாரும் இராஜகம்பளத்தாரும் வீட்டில் தெலுங்கு பேசுவோர். வட தமிழகத்தில் அதே பட்டம் தமிழ் பேசும் வன்னியரிடமும் வழங்குகிறது. பெரியார் ஈ.வெ. ராமசாமியின் குடும்பமும் நாயக்கர் பட்டம் உடையதே. ஆயின் அவர்தம் வீட்டுமொழி கன்னடம். அருப்புக்கோட்டை நெசவாளருள் ஒரு பிரிவினரான தேவாங்கர் சமூகத்தில் கன்னடம் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் உளர். எனவே பட்டத்தைக் கொண்டு மொழியையோ, சாதியைக் கொண்டு மொழியையோ துணிய இயலாது.

நாவல் காட்டும் அடையாளம்

ஒரு முஸ்லிம் அரசன் சென்னாதேவி என்னும் பெண்ணை விரும்பியதால் அஞ்சித் தெற்கே பெயர்ந்த குடியினர், காட்டை அழித்து ஊரமைத்த கதையை முதியவளான மங்கத்தாயாரு அம்மாள் சொல்கிறாள். இது குடியேறியோர் நினைவில் காத்த கதை. வட்டாரத்தின் முழு வரலாறு அன்று. எனினும் அடையாளம் காலந்தோறும் மாறுவதை அது தெளிவாகக் காட்டுகிறது. அகதிகளாய் வந்தோர் ஊராராகின்றனர். நாவலின் இறுதியில் விக்டோரியாவின் குடிகளாகின்றனர். 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலிலோ அவர்தம் வழித்தோன்றல்கள் விடுதலைப் போராட்டத்தில் பங்கேற்கின்றனர். பின்வந்த அடையாளம் எதுவும் முன்னையதை அழிக்கவில்லை. இக்குடியினரை மொழிவழி மாநிலங்கள் உருவான 1956க்குப் பிற்பட்ட பொருளில் ‘ஆந்திரர்’ என்பது காலப்பிறழ்வாகும்.

பெயர் மறைப்பது

‘தெலுங்கர்’ என்னும் பொதுப்பெயர் பெரிதும் மறைப்பது நிலவுடைமையையும் சாதியையுமே. கரிசலில் நிலமுடைய கம்மவாரும், அந்நிலங்களில் கூலிக்கு உழைத்த அருந்ததியருள் பலரும் வீட்டில் தெலுங்கே பேசினர். மொழி ஒன்றாயிருந்தும் கிணறும் தெருவும் வேறாகவே இருந்தன. இவ்விரு சாராரையும் ‘தெலுங்கர்’ எனத் தொகுக்கும் திறனாய்வு ஒடுக்குமுறையைக் காணத் தவறுகிறது. இருவரையும் ‘வந்தேறி’ எனத் தொகுக்கும் அரசியலோ, தலைமுறைகளாக உழைத்தும் நிலம் பெறாதோரிடமிருந்து ஊரையும் பறிக்கிறது.

முடிவுரை

தெலுங்கை வீட்டுமொழியாகக் கொண்ட ஒருவரே கரிசல் தமிழுக்குச் சொல்லகராதி தொகுத்தார் என்பதை ‘தமிழர்’ × ‘தெலுங்கர்’ என்னும் இருமையால் விளக்க இயலாது. கரிசல் புனைவை ஆராய்வோர் வீட்டுமொழி, சாதி, பட்டம், பூர்வீகக் கதை, நிலவுடைமை ஆகிய ஐந்தையும் தனித்தனியே குறித்தல் வேண்டும். ஒரு பெயரைப் பயன்படுத்துமுன் அது இவற்றுள் எதைச் சொல்கிறது எனத் தெளிவது திறனாய்வின் முதற்கடமையாகும்.