திருநாளைப்போவார்: வரலாறும் வழிபாடும்

கோவண்டியில் வாழும் தமிழர்க்குத் தோலும் அதன் நாற்றமும் புதியன அல்ல. தேவனார் இறைச்சிக்கூடம் அருகிலேயே உள்ளது. தாராவித் தோற்பட்டறைகளில் உழைத்தவர்களின் மக்களும் பேரர்களும் இப்பக்கத்துப் புறநகர்களில் பரவி வாழ்கின்றனர். ஆதலின், இங்கு நிகழ்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசிப்பில் பெரியபுராணத்துத் திருநாளைப்போவார் புராணத்தை எடுத்துக்கொண்டபோது, சேக்கிழார் அவருடைய தொண்டினை விளக்கும் இடத்தில் கேட்போர் நிமிர்ந்து அமர்ந்ததில் வியப்பில்லை. சிவன் கோயில் பேரிகைகளுக்குப் போர்வைத்தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் தந்தவர் அவர். புறத்தே நின்று அகத்துக்குப் பொருள் தந்தவர்.

வாசிப்பு முடிந்ததும் ஓர் இளைஞர் எழுந்து, “ஐயா, இவர் உண்மையிலேயே வாழ்ந்தாரா? சான்று ஏதேனும் உண்டா?” என்று வினவினார். பக்கத்தில் இருந்த பெரியவர், “வாழாமலா நம் பாட்டன் காலந்தொட்டுக் கும்பிட்டு வருகிறோம், தம்பி?” என்றார். இளைஞரின் வினாவை நாத்திகம் என்றோ, பெரியவரின் விடையைப் பேதைமை என்றோ ஒதுக்க எம் மனம் ஒப்பவில்லை. அதன் விளைவே இக்கட்டுரை.

சான்று என்ற சொல்லைக் கண்டிப்பாகவே எடுத்துக்கொள்வோம். நந்தனார் காலத்துக் கல்வெட்டு எதனையும் காட்ட எம்மால் இயலாது. அவர் பாடிய பாடல் ஒன்றேனும் இல்லை. எஞ்சுபவை பிறர் அவரைக் குறித்துச் சொன்னவை. அவற்றையும் கால அடைவில் நிறுத்திக் காணின், கதை எவ்வாறு வளர்ந்தது என்பது புலனாகும்.

மக்கள் நெஞ்சில் முதலில் நிற்பது கொடிய வேதியப் பண்ணையாரும், ஓரிரவில் விளைந்த நாற்பது வேலி நிலமும் ஆகும். இவை கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையால் வந்தவை, 19ஆம் நூற்றாண்டுக்குரியவை. கே. பி. சுந்தராம்பாள் நடித்த 1935ஆம் ஆண்டுப் படமும், தண்டபாணி தேசிகர் நடித்த 1942ஆம் ஆண்டுப் படமும் இவற்றையே ஊரெங்கும் பரப்பின. சேக்கிழாரிடம் இப்பண்ணையார் இல்லை. ஆயினும் பாரதியார் அறிந்த தஞ்சைத் தரணியில் இத்தகைய பண்ணைகள் இருந்தன என்பதில் யாருக்கு ஐயம்? நந்தனார் வரலாற்றுக்குச் சான்றாகாத அப்பகுதி, பாரதியார் காலத்து உழவடிமை வாழ்வுக்கு நல்ல சான்றாகிறது.

அதனை நீக்கினால், 12ஆம் நூற்றாண்டில் அநபாயன் காலத்துச் சேக்கிழார் நிற்கிறார். திருப்புன்கூரில் நந்தி விலகியதும், தில்லை எல்லையில் உள்ளே புகாது இரவும் பகலும் வலம்வந்ததும், இறைவன் கனவில் பணித்தபடி எரியில் புகுந்து முந்நூல் மார்பினராய் எழுந்ததும் அவர் வாக்கினால் நாம் அறிபவை. நந்தனார் என்ற பெயரே அவர் வாய்மொழியாகத்தான் நமக்குக் கிட்டுகிறது.

சேக்கிழாருக்கு முற்பட்டவர் நம்பியாண்டார் நம்பி. அவருடைய திருத்தொண்டர் திருவந்தாதி இவ்வடியாருக்கு ஒரு பாடலே தருகிறது. ஊர் ஆதனூர் என்றும், தில்லையில் அருள்பெற்றுப் புலைமை நீங்கி முனிவரானார் என்றும், மூவாயிரவர் கைகூப்பினர் என்றும் அது கூறும். எரி அதில் இல்லை! இதனை அவ்வாசிப்பில் சொன்னபோது கூடத்தில் சிறிது நேரம் பேச்சே எழவில்லை. ஒரு பாடலில் எல்லாவற்றையும் சொல்ல இயலாது என்பதும், சொல்லாமையே இன்மைக்குச் சான்றாகாது என்பதும் உண்மையே. எனினும் நமக்குக் கிடைக்கும் நூல்களுள், தில்லைவாழந்தணர் குவித்த கைகள் அவர்கள் மூட்டிய தீயினும் முற்பட்டவை.

இன்னும் மேலே சென்றால் சுந்தரர். 8ஆம் நூற்றாண்டினர் என்பது பலரும் ஏற்கும் கருத்து. அவருடைய திருத்தொண்டத்தொகையில் ஊரும் இல்லை, குலமும் இல்லை, அற்புதமும் இல்லை. ஒரு பெயர் மட்டுமே உண்டு. அதுவும் பெற்றோர் இட்ட பெயர் அன்று. நாளைப் போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் என்னும் காரணப்பெயர். கதவு திறந்திருப்பவன் இன்றே போய்விடுவான். நாளை நாளை என்று ஒருவர் பெயர்பெறும் அளவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார் எனின், இடையே ஏதோ நின்றது என்றே யாம் கருதுகிறோம். அத்தகையவருக்குத் தாம் அடியவர் என்று கூறுகிறார், ஆதிசைவ அந்தணக் குலத்தில் தோன்றிய சுந்தரர்.

ஆகவே அடுக்குகளை ஒவ்வொன்றாய்க் களைந்த பின்னும் கையில் எதுவும் இல்லாமற் போகவில்லை. ஒரு பெயரும், அப்பெயருக்கு முன் ஒரு வணக்கமும் மிஞ்சுகின்றன. பெரியவரின் நம்பிக்கை நந்தி விலகியதற்கு ஆவணம் கேட்டு நிற்பதன்று. சுந்தரர் செய்த வணக்கத்தையே அவரும் செய்கிறார். அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட எழுத்துச் சான்று உண்டு.

எரியைப் பற்றி இன்னும் ஒரு சொல். இந்திரா பார்த்தசாரதி 1978இல் எழுதிய ‘நந்தன் கதை’ நாடகம் அத்தீயைச் சூழ்ச்சியாகவே காட்டுகிறது. கலைஞனுக்கு அவ்வுரிமை உண்டு. நாடகமும் வலிமை வாய்ந்தது. ஆனால் “எரித்தே கொன்றார்கள், இதுவே வரலாறு” என்று மேடையில் முழங்குவோரும், “நூலணிந்து எழுந்தார், இதுவே வரலாறு” என்போரும் ஒரே 12ஆம் நூற்றாண்டுக் காப்பியத்தின் மீதே சாய்ந்து நிற்கின்றனர் என்பதை இருசாராரும் மறந்துவிடுகின்றனர். எம்மைக் கேட்பின், தீக்குளித்தே தூயராக வேண்டியவர் அவர் என்பதை நம்ப வேண்டிய கட்டாயம் எந்த அடியாருக்கும் இல்லை. நம்பியின் பாடல் அவ்வளவு இடம் தருகிறது.

மராட்டிய மண்ணில் வாழும் நமக்குச் சோகாமேளரை ஒப்பிடாமல் இருக்க இயலாது. 14ஆம் நூற்றாண்டில் மகார் குலத்தில் தோன்றிய அவருக்குச் சான்று வளமாக உண்டு. தீட்டு என்பது யாது என வினவும் அபங்கங்கள் அவர் பெயரால் வழங்குகின்றன. பண்டரிபுரத்துப் பெருவாயிலுக்கு வெளியே அவர் சமாதி இருக்கிறது. சான்று இருந்ததனால் கதவு திறந்துவிட்டதா? சானே குருஜி 1947இல் உண்ணாநோன்பு இருக்க வேண்டியிருந்தது. தீண்டாதார் யாவர் என்பதை ஆராய்ந்து 1948இல் வெளியிட்ட ஆங்கில நூலை டாக்டர் அம்பேத்கர் நந்தனார், ரவிதாசர், சோகாமேளர் மூவர் நினைவுக்கே உரிமையாக்கினார். சான்று மிக்கவரையும் குறைந்தவரையும் அவர் ஒரே வரிசையில் வைத்தார்.

அடுத்த வாசிப்புக்கு அவ்விளைஞர் திருத்தொண்டத்தொகையைப் படியெடுத்துக் கொணர்ந்தார். பெரியவரோ, ஆண்டுவிழாவில் பிள்ளைகள் நடிக்கும் நந்தனார் நாடகத்திலிருந்து பண்ணையாரை நீக்கக் கூடாது என்று கண்டிப்பாய்க் கூறிவிட்டார். அது 19ஆம் நூற்றாண்டின் சேர்க்கை என்று யாம் மெல்ல எடுத்துரைத்தோம். “இருக்கட்டுமே, அந்த ஆளை நான் பார்த்திருக்கிறேன்” என்றார்.